ஹெர்ஷிக்கு வாரிசு யார்?

கேட்டவர் ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். ஹெர்ஷி சாக்லேட்டைத் தொடங்கியவரின் குடும்பம் இப்போது எங்கே? கம்பெனி இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறதா? அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற பெயரில் ஐஸ்கிரீமும் விற்கிறார்களே, அது அவருடைய தம்பியின் கம்பெனியா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மில்டன் ஹெர்ஷிக்குப் பிள்ளை இல்லை. தம்பியும் இல்லை. ஒரே தங்கை, அவளும் சிறுவயதிலேயே போய்விட்டாள். கம்பெனியின் கடிவாளம் இன்றைக்கும் ஏழைக் குழந்தைகளுக்கான ஒரு பள்ளியின் அறக்கட்டளை கையில் இருக்கிறது. பங்குச் சந்தையில் யார் வேண்டுமானாலும் ஹெர்ஷி பங்கு வாங்கலாம், ஆனால் வாக்குரிமையில் பெரும்பகுதி அந்த அறக்கட்டளையிடம்தான். இது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால் சாக்லேட்டில் தொடங்கிப் பயனில்லை. அவருடைய அப்பா அம்மாவில் தொடங்க வேண்டும். என் கணக்கில் இந்த மனிதரின் தொழில், ஊர், பள்ளி எல்லாமே அந்த இரண்டு பேருக்கும் நடந்த சண்டையின் தொடர்ச்சிதான்.

மில்டன் பிறந்தது 1857 செப்டம்பர் 13, பென்சில்வேனியாவில் டெர்ரி என்ற கிராமப்புறத்தில், கொள்ளுத்தாத்தா கட்டிய கல்வீட்டில். அந்தப் பக்கம் முழுக்க ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய மென்னோனைட் குடும்பங்கள். ஆடம்பரம் கூடாது, ஆயுதம் தொடக்கூடாது என்று கட்டுப்பாடாக வாழும் கிறிஸ்தவப் பிரிவு அது. வீட்டில் பேசுவதும் ஒருவகை ஜெர்மன். அம்மா ஃபேனி இந்த வார்ப்பில் அச்சுக் குறையாமல் வந்தவர். கறுப்பு உடை, தலைக்குல்லா, சும்மா உட்காராத கை. அப்பா ஹென்றி நேர் எதிர். புத்தகம் என்றால் உயிர், நன்றாக உடுத்துவார், பேச்சில் ஆளை மயக்குவார். பென்சில்வேனியாவில் எண்ணெய் கிடைக்கிறது என்றதும் அங்கே ஓடினார். திரும்பி வந்து பழத்தோட்டம் போட்டார், மீன் வளர்த்தார். தொட்டது எதுவும் துலங்கவில்லை. நம் ஊரிலும் ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார், கையில் எப்போதும் ஒரு புதுத் திட்டத்தோடு. ஹென்றி அந்த ரகம்.

அப்பாவின் திட்டத்துக்குத் தகுந்தபடி வீடு மாறிக்கொண்டே இருந்ததால் பையனின் படிப்பும் அறுந்து அறுந்துதான் நடந்தது. நான்காம் வகுப்போடு சரி. 1867-ல் தங்கை ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்தாள். அதற்குப் பிறகு கணவன் மனைவிக்குள் மிச்சமிருந்த ஒட்டும் போய்விட்டது. சட்டப்படி விவாகரத்து இல்லை, ஆனால் ஆளுக்கொரு திசை.

பையனைப் பத்திரிகைக்காரன் ஆக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. லான்காஸ்டர் பகுதியில் ஒரு ஜெர்மன் மொழிப் பத்திரிகையின் அச்சகத்தில் சேர்த்துவிட்டார். மில்டனுக்கு அது ஒட்டவில்லை. ஒருநாள் தொப்பி அச்சு இயந்திரத்துக்குள் விழுந்தது, வேலை போயிற்று. வேண்டுமென்றே போட்டான் என்பாரும் உண்டு. அடுத்து அம்மாவின் முறை. லான்காஸ்டரில் ஜோசப் ராயர் என்ற மிட்டாய்க்காரரிடம் தொழில் பழக அனுப்பினார். நாலு வருஷம். பாகு எந்தப் பதத்தில் இறக்கினால் எது வரும் என்பதைக் கைப்பழக்கமாகவே கற்றுக்கொண்டது அங்கேதான்.

1876-ல் பத்தொன்பது வயதில் பிலடெல்ஃபியாவில் சொந்தக் கடை. முதல் 150 டாலர், அம்மாவின் சகோதரி மேட்டி கொடுத்த கடன். ராத்திரி மிட்டாய் காய்ச்சி, பகலில் விற்று, ஆறு வருஷம் தாக்குப் பிடித்தார். அம்மாவும் மேட்டியும் கூடவே வந்திருந்து மிட்டாயைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். நடுவில் அப்பா வந்து சேர்ந்தார். பெரிதாகச் செய்தால்தான் காசு என்பது அவருடைய வேதவாக்கு. இருமல் மிட்டாய், அதை அடுக்கிவைக்க அலமாரி என்று ஏதேதோ செய்யச் சொல்லி, இருந்த கொஞ்சப் பணத்தையும் கரைத்தார். 1882-ல் கடை மூடப்பட்டது. மில்டன் அப்பாவைப் பின்தொடர்ந்து டென்வர் போனார். அங்கே ஒரு கேரமல் கடையில் வேலை பார்த்தபோது, கேரமலில் புதுப்பால் சேர்த்தால் மென்மையும் கூடும், நாளும் தாங்கும் என்று தெரிந்துகொண்டார். அப்புறம் சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ், கடைசியில் நியூயார்க். அங்கேயும் கடை, அங்கேயும் கடன். 1886-ல் வெறுங்கையோடு லான்காஸ்டர் திரும்பினார்.

மாமன்மார் இந்தத் தடவை கதவைத் திறக்கவில்லை. தப்பு சொல்ல முடியாது, இவனும் அப்பன் மாதிரிதான் என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். பழைய வேலையாள் ஹென்றி லெப்கிக்கர்தான் தங்க இடம் கொடுத்தார். நியூயார்க்கிலிருந்து வந்து சேர்ந்த சாமான்களை ரயில் நிலையத்திலிருந்து மீட்கக் கூலியும் அவரே கட்டினார். மறுபடி அம்மாவும் மேட்டியும் மிட்டாய் சுற்ற உட்கார்ந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் இறக்குமதி வியாபாரி அந்தப் பால் கேரமலைச் சுவைத்துப் பார்த்துப் பெரிய ஆர்டர் கொடுத்தார். அதைச் செய்து முடிக்கக் கடன் வேண்டும், அடகு வைக்க எதுவும் இல்லை. பிரென்னமன் என்ற வங்கிக் காசாளர் கடையை வந்து பார்த்துவிட்டு, இந்த ஆளுக்கு வங்கி கொடுக்காது என்று தெரிந்து, தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாராம். இங்கிலாந்துக் காசோலை வந்த அன்று மில்டன் இடுப்பில் கட்டிய ஏப்ரனோடு வங்கிக்கு ஓடினார் என்று சொல்வார்கள். பத்து வருஷத்தில் லான்காஸ்டர் கேரமல் கம்பெனியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள்.

சாக்லேட் உள்ளே வந்தது 1893-ல். சிகாகோ உலகக் கண்காட்சியில் டிரெஸ்டன் நகரத்து லேமன் கம்பெனி சாக்லேட் இயந்திரங்களை ஓட்டிக் காட்டியது. மில்டன் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிட்டார். முதலில் கேரமலுக்கு மேல்பூச்சு, அப்புறம் தனிச் சாக்லேட். 1900-ல் கேரமல் கம்பெனியைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். சாக்லேட்டை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார். அப்போது பால் சாக்லேட் ஸ்விட்சர்லாந்துக்காரர்களின் தொழில் ரகசியம், பணக்காரர் வாங்கும் பண்டம். தான் பிறந்த வீட்டுப் பண்ணையில் பாலும் கோக்கோவுமாகச் சோதனை செய்து செய்து தனக்கென ஒரு முறையைப் பிடித்தார். ஐந்து சென்ட்டுக்கு ஒரு பார். பாரின் எடை கூடியது குறைந்தது, விலை மட்டும் 1969 வரை கிட்டத்தட்ட அசையவே இல்லை. கூம்பு வடிவ கிஸ்ஸஸ் 1907-ல் வந்தது. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கிலோக்கணக்கில் அமுக்கிக் கொண்டுவரும் வெள்ளித்தாள் மிட்டாய் இதுதான். அதில் லேசாக ஒரு புளிப்பு அடிக்கிறதே, அது கெட்டுப்போனதால் அல்ல. அவருடைய முறையில் பாலின் கொழுப்பு கொஞ்சம் சிதைந்து பியூட்டிரிக் அமிலம் உண்டாவதுதான் காரணம் என்கிறார்கள். ஐரோப்பியர்கள் அதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். அமெரிக்கர்களுக்கோ அதுதான் சாக்லேட்டின் ருசியே.

இனி குடும்பம். நாற்பது வயதுவரை கல்யாணம் செய்யாமல் அம்மாவோடு இருந்த மனிதர், நியூயார்க் மாநிலத்து ஜேம்ஸ்டவுனில் ஒரு மிட்டாய்க் கடைக்கு வியாபார விஷயமாகப் போனபோது கேதரின் ஸ்வீனியைப் பார்த்தார். கிட்டி என்று கூப்பிடுவார்கள். ஐரிஷ் குடியேறிகளின் மகள், கத்தோலிக்கர், இவரைவிடப் பதினான்கு வயதாவது சின்னவர், கலகலப்பானவர். 1898 மே 25 அன்று நியூயார்க் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தைச் சேர்ந்த பாதிரியார் இல்லத்தில் ஆரவாரமில்லாமல் திருமணம். கட்டுப்பெட்டியான மென்னோனைட் மாமியாருக்கு, நல்ல துணிமணியில் ஆசையுள்ள கத்தோலிக்க மருமகள். நடந்ததை நான் சொல்லவேண்டியதில்லை. ஒரே கூரையின்கீழ் ஒத்துவராமல் மில்டன் அம்மாவுக்குத் தனி வீடு பார்த்தார். கடைசிவரை அம்மாவை விட்டும் கொடுக்கவில்லை, மனைவியை விட்டும் கொடுக்கவில்லை.

அப்பாவையும் அவர் மறக்கவில்லை என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். 1890-களின் கடைசியில், குடும்பத்தின் கைவிட்டுப் போயிருந்த அந்தப் பழைய கல்வீட்டை விலைகொடுத்து வாங்கி, மேற்கே அலைந்துகொண்டிருந்த ஹென்றியைக் கூப்பிட்டுவந்து புத்தகங்களோடு குடிவைத்தார். ஃபேனி அந்தப் பக்கம் போய்க் குடியிருக்கவில்லை. ஹென்றி 1904-ல் இறந்தார். அவர் சொல்லிக்கொண்டே இருந்த பெரிய காரியம், அந்த வீட்டுக்குப் பக்கத்து நிலத்திலேயே தொழிற்சாலையாக எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது.

1903-ல் தொடங்கி 1905-ல் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. சோளக்காட்டு நடுவில் போய்க் கட்டுகிறானே என்று சிரித்தார்கள். அவர் கணக்கு வேறு: சுற்றிலும் பால் பண்ணை, நல்ல தண்ணீர், பக்கத்திலேயே ரயில்பாதை. தொழிலாளிகளுக்கு வீடு, டிராம், வங்கி, கடை, பூங்கா என்று ஓர் ஊரே எழும்பியது. ஊருக்குப் பெயர் வைக்கப் போட்டி நடத்தினார்கள். வென்ற பெயர் ஹெர்ஷிகோகோ! விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று தபால் இலாகா மறுத்துவிட்டதால் வெறும் ஹெர்ஷி ஆயிற்று. நல்லதாயிற்று.

இந்த ஊரைப் பற்றிப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் கிடையாது. முதலாளியே எல்லாம். புல்தரை ஒழுங்காக வெட்டியிருக்கிறதா என்று அவரே வண்டியில் சுற்றிப் பார்ப்பார். நல்ல வீடும் நல்ல பள்ளிக்கூடமும் கிடைத்தன, கூடவே ஒரு கண்டிப்பான அப்பாவைப் போன்ற முதலாளியின் கண்காணிப்பும்.

தம்பதிக்குக் குழந்தை பிறக்கவில்லை. கிட்டிக்குத் திருமணமான சில வருடங்களிலேயே நரம்புத் தளர்ச்சி நோய் கண்டு நடை தள்ளாடத் தொடங்கியிருந்தது. வைத்தியத்துக்காக ஐரோப்பாவெல்லாம் அலைந்தார்கள். 1909 நவம்பர் 15 அன்று இருவரும் சேர்ந்து ஓர் அறக்கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். 486 ஏக்கர் பண்ணை நிலத்தை எழுதிவைத்து, அநாதைச் சிறுவர்களுக்கு இலவசமாகத் தங்கிப் படிக்க ஒரு தொழிற்பள்ளி. 1910-ல் முதல் பையன்கள் வந்து சேர்ந்தார்கள். வகுப்பு நடந்தது எங்கே தெரியுமா? மில்டன் பிறந்த, ஹென்றி இறந்த அதே கல்வீட்டில். அது கிட்டியின் யோசனை என்று மில்டன் பின்னால் சொன்னார்.

பத்திரத்தில் இருந்த இன்னொரு வார்த்தையையும் சொல்லிவிட வேண்டும்: வெள்ளைச் சிறுவர்கள். பிலடெல்ஃபியாவில் இருந்த ஜிரார்ட் கல்லூரி என்ற அநாதைச் சிறுவர் பள்ளியைப் பார்த்து எழுதிய பத்திரம் அது, அங்கேயும் அந்த நிபந்தனை உண்டு. காலத்தின் வழக்கம் என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் அந்தக் கதவு திறக்க 1960-களின் கடைசிவரை ஆயிற்று. பெண்பிள்ளைகளுக்கு இன்னும் பத்து வருஷம் போல.

நடுவில், மில்டன் டைட்டானிக்கில் ஏற இருந்தவராமே என்று எல்லோரும் கேட்பார்கள். உண்மைதான். 1911 டிசம்பரில் டைட்டானிக்கை ஓட்டிய ஒயிட் ஸ்டார் கப்பல் கம்பெனிக்கு 300 டாலர் முன்பணக் காசோலை எழுதியிருந்தார், அந்தக் காசோலை இன்றும் இருக்கிறது. ஊரில் வேலை அவசரம் என்று முன்னதாகவே ‘அமெரிக்கா’ என்ற ஜெர்மன் கப்பலில் திரும்பிவிட்டார். 1912 ஏப்ரல் 14 அன்று பனிப்பாறை இருக்கிறது என்று எச்சரிக்கைச் செய்தி அனுப்பிய கப்பல்களில் அந்த ‘அமெரிக்கா’வும் ஒன்று.

கிட்டி 1915 மார்ச் 25 அன்று இறந்தார். மில்டன் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த வருஷம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கியூபா போனார். அங்கே கரும்பு விளைவதைப் பார்த்ததும் வழக்கம்போல அடங்கவில்லை. சர்க்கரை ஆலை, மின்சார ரயில், அங்கேயும் ஹெர்ஷி என்ற பெயரில் ஓர் ஊர். 1918-ல், விளம்பரம் எதுவும் இல்லாமல், தன் சாக்லேட் கம்பெனிப் பங்குகளைப் பள்ளி அறக்கட்டளைக்கு மாற்றி எழுதினார். மதிப்பு சுமார் 6 கோடி டாலர். ஐந்து வருஷம் வெளியே மூச்சு விடவில்லை. 1923 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. வாரிசு யார் என்ற கேள்வி உண்மையில் அந்த 1918 கையெழுத்தோடு முடிந்துபோன விஷயம்.

ஆனால் அந்த மனிதர் அதோடு சாமியார் ஆகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். 1920-ல் சர்க்கரை விலை ராத்தலுக்கு இருபது சென்ட்டுக்கு மேல் ஏறியது. அதில் ஊகபேரம் செய்து மாட்டிக்கொண்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் விலை பாதாளத்துக்குப் போனது. நியூயார்க் வங்கி ஒன்றில் கடன் வாங்கி, அவர்கள் ஆளைத் தன் அலுவலகத்தில் உட்காரவைக்கும் நிலைமை வந்தது. ஹென்றியின் ரத்தம்! கடனை முடிந்தவரை சீக்கிரம் அடைத்து வெளியே வந்தது ஃபேனியின் ரத்தம். ஃபேனி 1920-ல்தான் இறந்தார். தொழிற்சாலைக்கு எதிர்வீட்டில் இருந்துகொண்டு, மகன் கோடீஸ்வரன் ஆன பிறகும் மிட்டாய்க்குத் தாள் சுற்றிக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன். அந்தத் தலைமுறைப் பெண்களுக்குக் கை சும்மா இருந்தால் உடம்பு நோகும்.

1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்காவே முடங்கிக் கிடக்க, இவர் ஊரில் மட்டும் கட்டட வேலை நிற்கவில்லை. ஹோட்டல், சமூகக் கூடம், அரங்கம், விளையாட்டுத் திடல். நாற்பது ஆள் வேலையை ஓர் இயந்திரம் செய்கிறது என்று மேஸ்திரி பெருமையாகச் சொல்ல, அதை எடுத்துவிட்டு நாற்பது பேரைக் கூப்பிடு என்றாராம். ஆனாலும் 1937 ஏப்ரலில் தொழிலாளிகள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பால் வாங்க ஆளில்லாமல் தவித்த பண்ணைக்காரர்களும் முதலாளி பக்கத்துத் தொழிலாளிகளும் ஏப்ரல் 7 அன்று தடி, கல்லோடு உள்ளே புகுந்து அவர்களை அடித்து விரட்டினார்கள். தான் பெற்ற பிள்ளைபோல நினைத்த ஊரில் ரத்தம் சிந்தியது எழுபத்தொன்பது வயது மனிதரை உடைத்துவிட்டது என்பார்கள். எனக்கு அந்த அனுதாபம் முழுசாக வருவதில்லை. வளர்ந்த ஆண்களைப் பிள்ளைகளாக நடத்தினால் ஒருநாள் எதிர்த்துப் பேசத்தான் செய்வார்கள்.

தன் மாளிகையை 1930-லேயே ஊர் கோல்ஃப் கிளப்புக்குக் கொடுத்துவிட்டு, மாடியில் சில அறைகளை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டார். 1945 அக்டோபர் 13 அன்று, எண்பத்தெட்டு வயதில் இறந்தார். பாகம் பிரிக்கச் சொத்து என்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை, பிரித்துக்கொள்ள ஆளும் இல்லை.

தொழிலிலும் தன் ரத்தம் என்று யாரும் வரவில்லை. 1908 முதல் கம்பெனித் தலைவராக இருந்து நடத்தியவர் வில்லியம் மர்ரி. வேடிக்கை என்னவென்றால், மர்ரியின் மகன் புரூஸ், ஃபாரஸ்ட் மார்ஸோடு சேர்ந்து 1941-ல் வேறு மிட்டாய் தொடங்கினார். எம் அண்ட் எம் என்ற பெயரில் இருக்கும் இரண்டாவது எம் அவர்தான். ஹெர்ஷியின் பால் பண்ணையில் வேலை பார்த்த ரீஸ் என்பவர் தனியாகப் போய் வேர்க்கடலை வெண்ணெய் வைத்த சாக்லேட் செய்து பேர் வாங்கினார். அந்தக் கம்பெனியை 1963-ல் ஹெர்ஷியே வாங்கிக்கொண்டது.

பள்ளி இன்று மில்டன் ஹெர்ஷி பள்ளி என்ற பெயரில் நடக்கிறது. சுமார் 2000 பிள்ளைகள், சாப்பாடு, துணி, வைத்தியம் எல்லாம் இலவசம். 1989 வரை மாணவர்கள் மாடு கறக்க வேண்டும் என்ற வழக்கம்கூட இருந்தது. 2002-ல் அறக்கட்டளைக்காரர்கள், எல்லா முட்டையும் ஒரே கூடையில் இருக்கிறதே என்று கம்பெனியை விற்கப் பார்த்தார்கள். சூயிங்கம் செய்யும் ரிக்லி கம்பெனி 12.5 பில்லியன் டாலர் தர முன்வந்தது. ஊர்க்காரர்கள், தொழிலாளிகள், பழைய மாணவர்கள் எல்லோரும் தெருவில் இறங்கினார்கள், வழக்கு நீதிமன்றம் போனது, செப்டம்பரில் பேரம் கைவிடப்பட்டது. ரத்த வாரிசு இருந்திருந்தால் எப்போதோ விற்றிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக அந்த ஐஸ்கிரீம். ஹெர்ஷி என்பது லான்காஸ்டர் பக்கத்து மென்னோனைட் குடும்பங்களில் சகஜமான பெயர். ஜேக்கப் ஹெர்ஷி என்பவரும் அவருடைய சகோதரர்களும் 1894-ல் தொடங்கிய தனிக் கம்பெனி அது. மில்டன் சாக்லேட் கம்பெனி தொடங்கிய அதே வருஷம், அதே வட்டாரம், அதே பெயர், அதே இனிப்புத் தொழில், ஆனால் மில்டனோடு எந்தத் தொடர்பும் இல்லை. பெயருக்காக இரண்டு கம்பெனியும் நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. சாக்லேட் கம்பெனிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று ஐஸ்கிரீம்காரர்கள் தங்கள் டப்பாவிலேயே அச்சடித்து விற்கிறார்கள்.